நீ பாதியில் நிறுத்தச் சொன்ன விளையாட்டு

நீ மாட்டிக்கொண்டிருந்த ஹெட்போனின் காதுப் பஞ்சு உரிய ஆரம்பித்துவிட்டது. கழற்றி வைத்த பிறகும் காதோரம் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டறையில் பக்கத்து மிஷின்காரர் நேற்று என்னைப் பார்த்து, தலைக்குச் சாயம் அடிக்கத் தெரியாமல் அடித்துக்கொண்டாயா என்று கேட்டார். புதிது வாங்கலாம்தான். ஆனால் இதில் உன் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது. எண்ணெயைத் தலையில் கொட்டிக்கொண்டு வந்து என் பொருளையெல்லாம் பாழாக்குகிறாய் என்று உன்னைத் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இப்போது அதையே முகர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உன்னைப் போல ஒரு விமர்சகன் வேறெங்கும் இருந்திருக்க மாட்டான். பேய் வீடியோ கேம்களுக்குத் தமிழில் விமர்சனம் சொல்கிற யூடியூப் சேனல் நம்முடையது. ஆனால் நீ திரையைப் பார்க்கவே மாட்டாய். நம் கண் வழியாகவே எல்லாம் நடக்கிற விளையாட்டுகளில் காட்சி ஆட ஆட உனக்குத் தலை சுற்றும், குமட்டும். இதை நீ ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாய். அண்ணனூரில் என் வீட்டு ஹாலில் நான் விளையாடுவேன். நீ டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்பாய். பக்கத்து ரயில் ஷெட்டுக்குப் போகும் காலி வண்டியின் ஹாரன் நடுவில் ஊதும். வீடியோ பார்ப்பவர்கள் அதையும் விளையாட்டின் சத்தம் என்று நினைத்துப் பாராட்டி எழுதுவார்கள்.

பயத்தை அளக்க நீ வைத்திருந்த அளவுகோல் என் கால் கட்டைவிரல். அது தானாக மடங்கினால் விளையாட்டு தேறியது. நான் உடம்போடு தூக்கிப்போட்டுத் துள்ளினால் மதிப்பெண் கிடையாது. "அது பயம் இல்ல மாமே, பக்கத்துல பட்டாசு வெச்சா எருமைகூட துள்ளும்" என்பாய். திருநெல்வேலிக்காரன் பையனான என்னை ஆவடி முழுக்க எருமை என்று தெரியப்படுத்திய பெருமை உன்னுடையது.

வீட்டு கேம் வந்ததும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதன் பெயர் என்னவாக இருந்தாலும் நமக்கு அது வீட்டு கேம். பல வருடம் கழித்து ஒருவன் தன் பழைய வீட்டுக்கு வருகிறான். உள்ளே புத்தி பேதலித்த அவன் அம்மா இருக்கிறாள். அறை அறையாக முணுமுணுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறாள். இங்கிலீஷில் விமர்சனம் சொல்கிறவர்கள் எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கும் ரொம்பப் பிடித்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த நடைக்கூடத்தின் இருட்டையும், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது கொஞ்சம் நீண்டுபோவதையும் யோசித்தவன் சாதாரண ஆள் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நீ என்னை ஜெயிக்கவே முடியாது.

அவள் நெருங்கி வர, என் கட்டைவிரல் மடங்கியது. நீ அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

"மாமே, அவ தொரத்தல. யாரையோ தேடிகினு கீறா. ஓடாத, நில்லு."

தலைவிரிகோலமாகக் கையில் கத்தியோடு வருகிறாள், நீ திரும்பிப் பார்த்தால் தெரியும் என்று கத்தினேன். இன்னொரு கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று நீ கேட்டாய். துணி உதறும் சத்தம் கேட்கிறது என்றாய். ஓடுகிற அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. நின்று திரும்பினேன். சின்னப் பையனுடைய சட்டை. அவள் அதை உதறினாள், மடித்தாள், மறுபடி உதறினாள். உன் வீட்டில் அம்மா நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்த வேலை அது.

கடைசியில் அவளை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினால் வாசல் கேட் திறக்கும், நாம் தப்பித்துவிடலாம். பூட்டு என்று திரையில் எழுத்து வந்தது. படித்துச் சொன்னேன். "வேணாம் மாமே. கன்ட்ரோலர கீழ வெச்சிடு" என்றாய். முடிக்காமல் எப்படி விமர்சனம் சொல்வது, இது வெறும் விளையாட்டுதானே, பயமுறுத்துவதுதானே அதன் வேலை என்று நான் மல்லுக்கு நின்றேன். நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தத்துக்காக நிறுத்தி வைத்திருந்த ஃபேனைப் போட்டுக்கொண்டு, மைக்கில் பேச ஆரம்பித்துவிட்டாய். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், சத்தத்துக்கு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று முதலில் நியாயமாகப் புகழ்ந்தாய். அப்புறம் சொன்னாய்: "ஒடம்பு முடியாத ஒருத்திய பேயா காட்டி, அவள பூட்னாதான் உனக்கு வழி வுடுவேன்னா, எனக்கு அந்த வழி வேணாம்."

அந்த வாரம் நம்மை வைத்துச் செய்தார்கள். முடிக்கத் துப்பில்லாதவன், பயந்தாங்கொள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு விமர்சனம் சொல்கிறவன் என்று வீடியோவுக்குக் கீழே எழுதித் தள்ளினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல், எல்லார் வாயும் அடைத்துவிடும் என்றேன். உன் வீட்டு முன்னறையில் யாருடைய செல்போனையோ பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிரக்கூட இல்லை.

"அம்மாவ காட்டி நான் ஜெயிக்கணுமா? அது தப்புன்னா தப்புதான் மச்சான். எங்கம்மா இல்லன்னாலும் தப்புதான்."

உன் விமர்சனங்களிலேயே பெரியது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அது எந்த வீடியோவிலும் இல்லை.

மழைக்காலத்தில் டெங்கு வந்து நீ போய்விட்டாய். அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நீ வீட்டிலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்ததால் அம்மா ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை என்பது நீ போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உன் தங்கை, பாடியில் இருக்கிற கம்பெனிக்கு விடியும் முன்பே கிளம்பினால் மதியம் மூன்று மணிக்குத்தான் திரும்ப முடியும். இடையில் ஒரு நாள் அம்மா உன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நடந்துவிட்டார். தண்ணீர் ஓரத்தில் நின்றவரை, வாக்கிங் போன யாரோ அடையாளம் தெரிந்து கூட்டிவந்து விட்டார்கள். அன்று சாயங்காலம் தங்கை எனக்கு போன் பண்ணி, உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரச் சொன்னாள்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, எனக்கும்தான். மார்க்கெட்டில் தாழ்ப்பாள் வாங்கி, பட்டறையிலிருந்து டிரில்லிங் மிஷின் எடுத்துக்கொண்டு போனேன். துளை போடுவதுதானே எனக்குச் சோறு போடும் தொழில், ஐந்து நிமிட வேலை. பென்சிலால் குறி வைத்தேன். கதவு காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா உள்ளேயிருந்து வந்து, நான் சிரமப்படுகிறேன் என்று பார்த்து, கதவை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். "போடு நைனா, நான் புட்சிகிறேன்" என்றார்.

நான் மிஷினைக் கீழே வைத்துவிட்டேன்.

தங்கைக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "நீயும் அவனும் கேம்ல கதவ தொறந்து வெச்சிட்டு நல்லா பேசுவீங்கண்ணா. ஷிப்டுக்கு நான்தான போவணும்" என்றாள். எனக்கு இரண்டாவது ஷிப்டு, காலையெல்லாம் சும்மாதான் இருக்கிறேன், நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். மதியம் நான் அம்பத்தூர் பட்டறைக்குக் கிளம்பிய பிறகு, அவள் வரும்வரை பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார் என்றேன். உண்மையில் அந்த அக்காவிடம் அப்புறம்தான் போய்க் கேட்டேன், நல்லவேளை ஒத்துக்கொண்டார்.

"எத்தினி நாளைக்குணா?"

"தெரியலம்மா. நாளைக்கு வரேன்."

அந்தப் பதிலையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிவியையும் மைக்கையும் உன் வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் இப்போதும் செல்போனை நீட்டிவிட்டு, அப்புறம் நினைவு வந்து தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ரயில் சத்தம் போய், இப்போது நம் வீடியோவில் அம்மாவின் முணுமுணுப்புதான் கேட்கிறது. விளையாட்டைவிட அந்தக் குரல்தான் பயமாக இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். யாருடைய குரல் என்று எழுத விரல் துறுதுறுத்தது. உன் பேச்சை மதித்து விட்டுவிட்டேன்.

போன வாரம் ஒரு புது விளையாட்டு. நல்ல பயம், நீ இருந்திருந்தால் தாராளமாக மதிப்பெண் போட்டிருப்பாய். ஒரு மூலையில் திரும்பினேன், வாய்விட்டு அலறிவிட்டேன். உள்ளறையிலிருந்து துணி உதறும் சத்தம் நின்றது. அம்மா எழுந்து வந்தார். முடி அவிழ்ந்து கிடந்தது, கையில் பாதி மடித்த சட்டை. திரையை அவர் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வியர்த்திருந்த என் முகத்தை அந்தச் சட்டையாலேயே துடைத்தார்.

"யாரு நைனா உன்ன பயம் காட்னது? சொல்லு, நான் கேக்குறேன்."

ஒருத்தரும் இல்லைம்மா என்றேன். நம்பவில்லை. எழுந்து போய் வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், திரும்பி வந்து, நான் கிளம்புகிற வரைக்கும் கதவருகிலேயே எனக்குக் காவலாக நின்றார்.