வண்டிதானே ஓட்டினான்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அதற்கு மேல் நலம் என்று எழுதினால் அது பொய். போனில் பேசினால் உன் தம்பி காதில் விழும், உன் அம்மா வேறு நடுவில் அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். மாடி வீட்டு டீச்சரிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உடனே உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தம்பி ஓட்டுகிற ஆம்புலன்ஸில் விபத்தில் அடிபட்ட ஒரு சின்னப் பெண்ணை ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் நர்ஸ் கவனித்துக்கொண்டு வர, அந்தக் குழந்தை "இன்னும் எவ்ளோ நேரம் அண்ணா" என்று இவனைக் கேட்டிருக்கிறது. இவன் "ரெண்டே நிமிஷம்டா கண்ணு" என்றிருக்கிறான். உண்மையில் ஒன்பது நிமிடத் தூரம். திரும்பவும் கேட்டது, திரும்பவும் அதையே சொன்னான், மூன்றாம் தடவை அது கேட்கவே இல்லை. இதெல்லாம் அந்த நர்ஸ் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன்பே, குழந்தை பிழைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தபோது, இவன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், நான் பெரிய மேதாவி மாதிரி "நீ வண்டிதானே ஓட்டின, பின்னால நடந்ததுக்கு நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்று கேட்டுவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன்தான், அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான், பின்னால் கேட்கிற சத்தம் ஓட்டுகிறவனை எப்படிப் பிடித்து உலுக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் வாயில் சனி.

இப்போது தினமும் சாயங்காலம் அதே வழியில் பைக்கை விரட்டிப் பார்க்கிறான், ஏழு நிமிடத்தில் போயிருக்க முடியுமா, ஆறில் முடியுமா என்று. முந்தாநாள் கீழே விழுந்து முட்டி கிழிந்து வந்தான். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னானாம், நான் சொல்லிவிட்டேன்.

இந்த மாதிரிக் கேஸ் முடிந்தால் அவர்கள் ஆபீசில் ஒரு டாக்டரம்மாவை வைத்து எல்லோரையும் உட்கார்த்திப் பேச விடுவார்களாம். இவன் பெயரை மட்டும் சேர்க்கவில்லை. நேற்று போய்க் கேட்டால் மேலாளர் "டிரைவருக்கு எதுக்கு சார், பேஷன்ட்டத் தொட்டவங்களுக்குத்தான்" என்கிறார். என் குரலையே நான் கேட்ட மாதிரி கூசிவிட்டது. ஒரு மணி நேரம் நகராமல் நின்று சண்டை போட்டுப் பெயரை எழுத வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. இவனோ "எனக்கு ஒண்ணும் இல்ல, வரமாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

நீ சொன்னால் கேட்பான். வியாழனுக்குள் கூப்பிடு, மறக்காதே. எல்லாம் சரியாகிவிடும், உன் தப்பு இல்லை என்று நான் பேசிய மாதிரி நீயும் அவசரப்பட்டுப் பேசாதே. அந்தக் குழந்தை என்ன கேட்டது என்று மட்டும் கேள், அவன் எவ்வளவு நேரம் பேசினாலும் போனை வைக்காதே. அப்பாவுக்குப் பயமாக இருக்கிறதம்மா.

நீயும் தம்பியும் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும். அப்புறம் அவனிடம் இதையும் சொல். வெள்ளிக்கிழமை அவன் பைக்கைத் தொட வேண்டாம். பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வைத்திருக்கிறேன். நான் ஓட்டுகிறேன், அவன் பின்னால் உட்கார்ந்து வரட்டும். இன்னும் எவ்வளவு நேரம் என்று எத்தனை தடவை கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா