பூனையும் கோழியும், நடுவில் லேப்காரரும்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் கோழிகளும் சௌக்கியம். உன் பூனையின் சௌக்கியத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அதைத் தேடி நேராக அங்கே தாவிவிடாமல் வரிசையாகப் படிக்கவும்.

உன் கடிதம் கடைக்குத்தான் வந்தது. எரிந்துபோன தண்ணீர் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்காமல் பிரித்ததில் முதல் பக்கம் முழுக்க வார்னிஷ் கறை. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அதில் பூனைக்கு ஒரு பக்கம், கோழிகளுக்கு ஒரு பக்கம், மீதியில் பெரும்பகுதி உன் ஆஸ்பத்திரி ‘லேப்காரர் சொன்னார்’. எனக்கென்று வந்து சேர்ந்தது ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள்’ என்ற ஒரு வரி. அதை நீ வார்டில் படுத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வாய்.

போனிலும் இதே கதைதான். நீ வேலை பார்க்கிற அந்தத் தீவில் உனக்கு சிக்னல் கிடைப்பதே அபூர்வம். போன வாரம் கிடைத்த கொஞ்ச நேரத்தில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், போனைப் பூனையிடம் வையுங்கள் என்றாய். வைத்தேன். நீ கொஞ்சக் கொஞ்ச அது திரும்பி உட்கார்ந்து வாலை நக்கிக்கொண்டிருந்தது. அப்போது உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நினைத்து இரண்டு நாள் வருத்தப்பட்டேன், ஆகவே இப்போது சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சாம்பல் கோழி குஞ்சு பொரித்ததும் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகப் போகிறது உங்கள் கொல்லை என்றார். அவருடைய தம்பி பேக்கரி வைத்திருக்கிறாராம், எலித் தொல்லையாம், பூனையை அங்கே கொடுத்துவிடுங்கள் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பழைய கூடை ஒன்றைத் துடைத்துத் தயாராகவே வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பக் கூடாது என்றுதான் முன் கடிதத்தில் எழுதினேன்.

அதற்குத்தான் லேப்காரரின் அருள்வாக்கு வந்தது. அவர் வீட்டில் இரண்டு பூனைகளும் ஒரு டஜன் கோழிகளும் ஒன்றாக வளர்கின்றனவாம். வளர்ந்த கோழியைப் பூனை ஒன்றும் செய்யாதாம், அலகுக்குப் பயப்படுமாம். குஞ்சுகளைத்தான் காப்பாற்ற வேண்டுமாம். சுண்டுவிரல் நுழையாத கண் உள்ள வலையில் கூண்டு, அதற்கு மேலேயும் வலை. பெரிய கண் இருந்தால் பூனை கையை விட்டு இழுத்துவிடும். முதல் வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே விடுவதற்கு முன் பூனைக்கு வயிறு நிறையப் போட வேண்டும். பூனையின் மண் தொட்டி கோழி மேயும் பக்கம் இருக்கவே கூடாது. ஆள் இல்லாமல் இரண்டையும் விட்டுவிட்டு நகரக் கூடாது. ரத்தம் சோதிக்கிற மனிதருக்குக் கோழியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறது.

வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, லேப்காரர் எனக்கு அந்த மருமகள். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. கேன்டீனில் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார், உன் வீட்டுக் கோழியின் கதையைக் கேட்கிறார், யோசனை சொல்கிறார். நம் கொல்லையைப் பற்றி நீ அவரிடம் பேசுகிற நேரம் எல்லாம் என்னிடம் பேசியிருக்கலாமே என்று வயிறு எரிகிறது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சொன்னதை இம்மி பிசகாமல் செய்தேன். அப்படிச் செய்து, அது பலிக்காமல் போனால், பழி முழுக்க அவர் தலையில் விழும் அல்லவா? கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து நானே கூண்டு அடித்தேன். வலையின் ஓரங்களைக் காயில் சுற்றுகிற செப்புக் கம்பியாலேயே தைத்தேன். மண் தொட்டியைக் குளியலறைப் பின்பக்கம் மாற்றினேன். உன் பூனைக்கு வயிறு நிறைய நிறைய மீன் போட்டதில் அது உருண்டு திரண்டுவிட்டது. தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டர் இது பூனையா தலையணையா என்று கேட்டார். லேப்காரர் அளவு சொல்லவில்லை, நான் என்ன செய்ய.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூனையைக் கொல்லையில் திறந்துவிட்டேன். சாம்பல் கோழியும் குஞ்சுகளும் கூண்டுக்குள். மற்ற கோழிகள் வெளியே. யாரைப் பார்த்தாலும் திட்டுகிற குரலில் கத்துவதால் நீ ‘பெரியம்மா’ என்று பேர் வைத்தாயே, அந்தச் சிவப்புக் கோழிதான் முன்னால் நின்றது. தையல்கார அக்கா மதிலருகே நாற்காலி போட்டு ஏறி நின்றார். நான் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். பூனை வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. வால் நுனி மட்டும் துடித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பாய், பாய் என்று மனசுக்குள் சொன்னேன்.

பெரியம்மா ஓடவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நேராக வந்து அதன் நெற்றியில் ஒரே கொத்து. நம் மகாராணி அலறி அடித்துக்கொண்டு வந்து ஏறியது எங்கே தெரியுமா? என் மடியில். நீ போன இத்தனை நாளில் ஒரு தடவைகூட என் பக்கத்தில் வந்து உட்காராத பூனை. சட்டையில் நகத்தை மாட்டிக்கொண்டு நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது கைக்குத் தெரிந்தது. தையல்கார அக்கா சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நல்லதுதானே தம்பி நடந்திருக்கு, நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். யாரோ ஒரு லேப்காரர் சொல்லி என் கொல்லை நன்றாகிவிட்டது என்றா சொல்வது? பூனையைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது பூனை வெயில் காய, கோழிகள் அதைச் சுற்றி மேய்கின்றன. பெரியம்மா நடந்தால் அது எழுந்து வழிவிடுகிறது. ஆனால் குஞ்சுகளை அது பார்க்கிற பார்வை வேறு. நேற்றுகூட வலையில் கையை வைத்துப் பார்த்தது. அவை தாய் அளவுக்கு வளரும்வரை கூண்டைத் திறக்க மாட்டேன். கூடையைத் தையல்கார அக்கா துணி வைக்க வாங்கிக்கொண்டு போய்விட்டார். லேப்காரர் சொன்னது அத்தனையும் சரி. இதை அவரிடம் நீ சொல்ல வேண்டியதில்லை.

இனி, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். லேப்காரரும் இருக்கப் போகிறாராம். அதை எதற்கு எழுதினாய் என்று கேட்க மாட்டேன். நீ கள்ளம் இல்லாமல்தான் எழுதியிருப்பாய். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

உன் இஷ்டம் என்று எழுதி, கிழித்துப் போட்டேன். உன் இஷ்டம் இல்லை. இங்கே தலைமை நர்ஸ் ஆவதற்கு உனக்கு வேண்டிய அனுபவச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, போன காரியம் முடிந்தது. நீ வர வேண்டும் என்பது என் இஷ்டம். எனக்குப் பூனை மேல் பொறாமை, பெரியம்மா மேல் பொறாமை, அங்கே உன்னிடம் ஊசி போட்டுக்கொள்கிற காய்ச்சல்காரர்கள் மேல்கூடப் பொறாமை.

ஒன்று கேட்க வேண்டும். பூனைக்கு மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது இது தோன்றியது, அதிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. லேப்காரர் அங்கே இருக்கிறார். அவருடைய இரண்டு பூனைகளையும் ஒரு டஜன் கோழிகளையும் அவர் ஊரில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மண் தொட்டியை மாற்றுவது, வலையைத் தைப்பது, குஞ்சைக் காவல் காப்பது எல்லாம் யார்? ஒரு மனைவி இருப்பாள் அல்லவா? அவளுக்கு அவர் எழுதுகிற கடிதங்களில் ‘நர்ஸ் சொன்னாங்க, நர்ஸ் சொன்னாங்க’ என்று எத்தனை வரி இருக்குமோ. நேரத்துக்குச் சாப்பிடு என்று ஒரு வரியாவது அவளுக்கு வருகிறதா என்று அவரைக் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே. கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். கையெழுத்துப் போடாமல் பெட்டியைக் கட்டு. கிளம்பும்போது அந்த மனிதரையும் அவர் வீட்டுக்குப் போகச் சொல். அங்கேயும் யாரோ தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்படிக்கு,
நேரத்துக்குச் சாப்பிடாத
உன் வீட்டுக்காரன்