சலோமியின் மாட்டுக்கு நான் எழுதிய பத்திரம்

1. இம்மடலை எழுதுபவனாகிய நான், ஆம்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்குரைஞராக இருந்து, கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டவன்.

2. இது யாருக்கு எழுதப்படுகிறதோ அவர் அதே ஊரில் கால்நடை மருத்துவராக இருந்தவர், என் நண்பர், இப்போது இல்லாதவர். நேரில் அவரை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இங்கும் அழைக்கப்போவதில்லை.

3. இதில் உள்ளவை நான் நேரில் கண்டவை. நினைவு உறுதியாக இல்லாத இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரே,

சென்ற வாரம் பழைய கட்டுகளைப் பிரித்தபோது ஒரு முழுநீளத் தாள் கையில் வந்தது. தட்டச்சு எழுத்துகள் மங்கிவிட்டன. ஓரத்தில் மட்டும் உன் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை, டிஞ்சர் அயோடின். இத்தனை காலத்துக்குப் பின் அதில் வாசனை மிஞ்சியிருக்க நியாயமில்லை. ஆயினும் முகர்ந்தேன், வந்தது. உன் மருந்தகத்தின் டிஞ்சர், நனைந்த வைக்கோல், காற்று திரும்பினால் தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து ஏறிவரும் நெடி.

எழுபதுகளின் கடைசி. ஷூ கம்பெனிகளின் பின்புறக் குப்பையில் தோல் துண்டுகளோடு சிற்றாணிகளும் கிடக்கும். மேய வரும் மாடு மென்று பார்க்காது, விழுங்கிவிடும். ஆணி இரைப்பையில் தைத்து, நாளுக்கு நாள் முன்னே நகர்ந்து, கடைசியில் இதயத்தைத் தொடும். தொடுவதற்கு முன் வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டால் மாடு பிழைக்கும். எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் விட்டுவிடுவது என்பதே உன் தொழிலின் பாரம் என்று நீ சொல்வாய்.

நாட்றம்பள்ளிப் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர், நீ அறுத்ததால்தான் தம் மாடு இறந்தது என்று உன்மேல் மனுப் போட்டிருந்தார். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் ஓர் ஒப்புதல் பத்திரம் எழுதினேன். பதினொரு பிரிவுகள். வாசித்துவிட்டு நீ சிரித்தாய்.

“இன்னா வக்கீலே, மாட்டுக்கு ஆபரேஷனா, மனைக்குக் கிரயமா?”

“சிரி. நாளைக்கு இன்னொரு மனு வந்தா இதுதான் பேசும்.”

அது முதலில் பேசியது சலோமியிடம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். கணவனை இழந்து, ஒரே மாட்டின் பாலைக்கொண்டு இரண்டு பெண்களை வளர்த்தவள். மூன்று நாளாகத் தின்னாத மாட்டை அவளும் அவள் கொழுந்தன் மோசஸும் உன் மருந்தகத்துக்கு ஓட்டிவந்தபோது நானும் அங்கே இருந்தேன். நீயும் மோசஸும் மூங்கில் கழியை மாட்டின் நெஞ்சுக்கடியில் கொடுத்து, ஆளுக்கொரு முனையாகத் தூக்கினீர்கள். உள்ளே ஆணி இருந்தால் அந்த அழுத்தத்தில் குத்தும். மாடு அடிவயிற்றிலிருந்து முனகியது.

“ஆணிதான். இன்னும் நெஞ்சைத் தொடல. இன்னிக்கே தொறந்தா எடுத்துடலாம்மா” என்றாய்.

மோசஸ் தயங்கினான். “ஜாஸ்தி யோசிச்சிக்கோ அண்ணி. வயித்துல கத்தி பட்டா அப்புறம் தோல் கூட தேறாது.” எங்கள் பக்கத்தில் அது கல்நெஞ்சப் பேச்சன்று. உயிரோடிருக்கும் மாட்டின் விலாவை எல்லோரும் தோலாகவும் பார்க்கப் பழகியிருந்தோம்.

சலோமி அவனைக் கவனிக்கவில்லை. “செய்ங்க டாக்டர்” என்று பேனாவுக்குக் கை நீட்டினாள். நான்தான் தடுத்தேன். படித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்குவது முறையன்று என்று, பதினொரு பிரிவுகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். “மேற்படி மாடு அறுவையின்போதோ, அறுவைக்குப் பின்னரோ, உடனடியாகவோ, காலந்தாழ்ந்தோ இறக்க நேரிடின்...” நீட்டிய கை பாதியில் நின்றது.

“சார், சாவுன்னு எத்தினி வாட்டி வருது அதுல?”

வேறு எவனாக இருந்தாலும் சமாளித்திருப்பான். நான் தாளைத் திருப்பி எண்ணினேன். “ஏழு” என்றேன்.

“ஏழு வாட்டி எழுதி வெச்சிட்டு ஒரு வாட்டி கூடவா நடக்காது? வேணாம் சார். நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நீ எவ்வளவோ சொன்னாய். அவள் கேட்டது உன் குரலையன்று, என் பத்திரத்தை. மறுநாளோ அதற்கு மறுநாளோ, சரியாக நினைவில்லை, மாட்டின் கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்து, தாடையின்கீழ் நீர் கோத்திருந்தது. ஆணி நெஞ்சைத் தொட்டுவிட்டது. சலோமி கயிற்றைக் கசாப்புக்காரரின் ஆளிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் ஷிப்டுக்குப் போனாள்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு, “உன் பேப்பர்ல எல்லாரும் இருக்காங்க வக்கீலே. மாடுதான் இல்ல” என்றாய். பிறகு தாளைத் திருப்பி, பின்புறத்தில் மூன்று வரி எழுதினாய். கறை அப்போது பட்டதுதான்.

மாடு இன்று என்ன பாடு படுகிறது?
வைத்தியம் செய்தால் என்ன பாடு படும்?
எது நடந்தாலும் கூட யார் நிற்பார்?

“மூணாவதுக்கு எதிர்ல கையெழுத்து வாங்கினா போதும்” என்றாய். சட்டத்தில் அது நிற்காது என்றேன். “சட்டத்துல நிக்க வேணாம். மாட்டாண்ட நிக்கட்டும்.”

எண்பதுகளின் தொடக்கத்தில் சலோமி மறுபடி வந்தாள். வேறு மாடு, அதே ஆணி. இம்முறை நாள் கடந்திருந்தது. நீ எதையும் மறைக்கவில்லை. “பொழைக்கிறது கம்மிதான். தொறந்து பாக்கறேன். கை எட்டலன்னா தெச்சி அனுப்பி சித்ரவதை பண்ண மாட்டேன், அங்கியே முடிச்சிடுவேன். வேணாம்னாலும் தப்பில்லம்மா.” மூன்று வரிகளையும் நீயே சொன்னாய். மூன்றாவதற்கு அவள், “லீவு போட்டுட்டு வந்துட்டேன் டாக்டர்” என்றாள்.

விலா மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே திறந்தாய். தோள்வரை கையை உள்ளே விட்டு, வெகுநேரம் துழாவி, என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாய். ஆணி கை எட்டும் இடத்தைத் தாண்டியிருந்தது. கடைசி ஊசியின்போது சலோமி மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது அழுகையினூடே சொன்னாள்: “இந்த வாட்டி நான் கூட இருந்தேன் டாக்டர்.”

முதல் மாடு பிழைத்திருக்கக்கூடியது. அதை நான் இழக்கச் செய்தேன். இரண்டாவது பிழைக்க முடியாதது. ஆனால் அவள் அதிலிருந்து முழுதாக வெளியே வந்தாள். இரண்டுக்கும் இடையில் இருந்தது மூன்று வரி.

இனி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ வேலூர் பாகாயத்தில் நோயாய்ப் படுத்திருந்தபோது உன் மனைவி இருமுறை ஆளனுப்பினார். வழக்கு முடியட்டும், சனிக்கிழமை வருகிறேன் என்றேன். நீ போன அன்று காலை நான் நீதிமன்றத்தில் வாய்தா கேட்டு நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் வரிக்கு எதிரே என் பெயர் இல்லை. அந்தக் காலி இடத்தைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதன்பின் யார் வீட்டில் யார் படுத்தாலும், அழைக்குமுன் போய்விடுகிறேன்.

நேற்று இதைச் சலோமியிடம் படித்துக் காட்டினேன், மோசஸும் இருந்தான். சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை வாங்குமுன் அவள் கேட்டாள்: “இதுல சாவுன்னு எத்தினி வாட்டி வருது சார்?”

இம்முறை நான் எண்ணவில்லை.

இங்ஙனம்,
அன்று கூட நிற்காதவன்,
தே. ஞானமுத்து

சாட்சிகள்:
1. சலோமி
2. மோசஸ்