நான்கடித் தொட்டி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாய்தானே? போன் எடுக்காதவன் கடிதத்தைப் பிரிப்பானா என்று உன் தங்கை கேட்கிறாள். எதற்கும் எழுதி வைக்கிறேன்.

கிளம்பும் முன் அவளுக்கு நீ வாங்கிக் கொடுத்த ஆக்ஸலாட்டில் என்ற அந்த நீர்ப்பிராணிகள் இரண்டும் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா அவற்றைத் தண்ணிப் பல்லி என்றுதான் சொல்கிறாள். நீ பார்த்தபோது சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அதே சின்னத் தொட்டியில் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடந்தன. போன வாரம் கறுப்பு நிறத்தது வெள்ளையின் முன்னங்காலைக் கடித்தே எடுத்துவிட்டது. பாப்பா பள்ளிக்கூடம் போகாமல் அழுதாள். "கால் திரும்ப வளந்துடும்மா. இடம் பத்தல, அதான் கடிக்குது" என்றார் அவற்றை விற்ற கடைக்காரர். வெள்ளையைத் துணி அலசும் டப்பில் விட்டிருக்கிறோம். அது இரை எடுக்க மறுக்கிறது.

இரண்டுக்கும் சேர்த்து நூற்றைம்பது லிட்டராவது வேண்டுமாம். தரையில் நடக்கிற பிராணி, ஆழத்தைவிட நீளம்தான் முக்கியம் என்று நான்கடித் தொட்டியைக் காட்டினார். ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். தாராளமாக, இதற்குத் துணையே தேவையில்லை, தனியாகவே இருந்துவிடும் என்றார். பாப்பா நம்பவில்லை. எனக்கும் மனசு வரவில்லை.

தண்ணீர் சூடானால் செத்துவிடும். கூடத்தில் பகலெல்லாம் வெயில். சமையலறையில் அடுப்பு. அப்பா டேப்பை எடுத்து வீடு முழுக்க அளந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷன், அளவில் தப்பு வராது. உன் கட்டில் கிடக்கும் சுவரோரம்தான் நாலடி கிடைக்கிறது.

"தண்ணி ஊத்திட்டா இருநூறு கிலோ வரும். அப்புறம் அசைக்க முடியாது. அவன ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார். நீங்களே கேளுங்களேன் என்றேன். டேப்பைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். போனால் திரும்பி வராதே என்று நீ கிளம்பிய அன்றைக்கு உன்னைச் சொன்னாரே, அதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு உன் அறைக்குள் போனவர், கட்டிலில் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டில் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் டீ கொண்டு போனபோது போல்ட்டைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார்.

அவரைக் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறார். உன்னை எங்கே வந்து கேட்பேன்? நடுவில் நான் என்னதான் செய்யட்டும்?

கட்டிலை எடுக்கலாமா, வேண்டாமா, அதை மட்டும் எழுதப்பா. வேண்டாம் என்று எழுதினால், கூடத்திலேயே தொட்டியை வைத்துச் சன்னலைப் போர்வையால் மூடிவிட்டு அந்த இருட்டிலேயே இருந்துகொள்வேன். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா