தானே துள்ளி வந்த ரொட்டி

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

நான் சமைக்கிற வீட்டு முதலாளியம்மா, ரொட்டி வாட்டும் மிஷின் வாங்கக் கடைக்குக் கூட்டிப்போனார். இந்தச் சமையலறையில் இடம் ஒரு சாண்தான். சாண் போட்டுப் பார்த்தே ஒரு குட்டி மிஷினை எடுத்தேன். கடைக்காரன் சிரித்தான். அந்த மூஞ்சியை மறக்கமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது!

ரொட்டியைப் போட்டுவிட்டுக் காவல் நின்றேன். யாரும் தொடாமலே, டக்கென்று பொன்னிறத்தில் துள்ளி வந்தது. துளிகூடக் கருகவில்லை. பதம் தெரிந்த இரும்பை இந்த வயதில்தான் பார்க்கிறேன். "ஐயோ, இதுக்கு உசுரு இருக்கும்மா!" என்று கத்திவிட்டேன். புதுப்பெண்ணாக நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டதை ஊரெல்லாம் சொன்னாரே உங்கள் அக்கா, அவரிடம் இதையும் சொல்லுங்கள்.

அடுப்பைப் பற்றவைக்கச் சோம்பி, நீங்கள் காலையில் பட்டினி கிடப்பதாகப் பேத்தி சொன்னாள். உங்களுக்கும் இதில் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். நம் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவிலுள்ள இடத்தை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வையுங்கள். சாண் கணக்கு வேண்டாம், உங்கள் கை பெரிசு.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். அக்காவை அளக்க விடாதீர்கள். உங்கள் கை பட்ட நூல்தான் எனக்கு வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி