தங்கச்செல்விக்காக நின்ற ரேடியோ செட்டு

அன்பு மகள் சுமதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பி முத்துராஜும் மாரியம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பாவுக்கு எதற்குப் பேப்பரும் பேனாவும் என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் விட்டால் நீ ஆஸ்பத்திரி டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். யாரும் குறுக்கே விழாமல் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல வேண்டும், அதற்குக் கடிதம்தான் சரி. எழுதி முடித்ததும் முத்துராஜ் படம் பிடித்து அனுப்புவான். கையெழுத்தைப் பார்த்துக் கேலி பண்ணாதே.

வீட்டுச் சேதி கொஞ்சம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அருப்புக்கோட்டை டாக்டர் நடையைக் குறைக்கச் சொன்னார், இவள் தலையாட்டிவிட்டு மறுநாளே மாரியம்மன் பொங்கலுக்குச் சேலை எடுக்கத் திருச்சுழிக்கு பஸ் ஏறிவிட்டாள். மிளகாய் இந்த வருஷம் பரவாயில்லை, காய்ந்ததும் உனக்கு வத்தலும் பொடியும் அனுப்புகிறோம். முத்துராஜ் நம் ரேடியோ செட்டு சவுண்ட் சர்வீஸில் குழாய் ஸ்பீக்கரை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் பெட்டி ஸ்பீக்கர் மட்டும் வைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மரத்தில் குழாய் கட்டாமல் ஒரு சாமி கும்பிடா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது என்று சொல்லிவிட்டேன், அவனுக்கு நீ பரிந்து பேசாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ அம்மாவிடம் பேசியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சனி ஞாயிறில் நம் பக்கத்து நர்ஸ் பிள்ளைகளுக்கு நெட்டில் ஜெர்மன் பாஷை சொல்லிக் கொடுக்கிறாயே, அந்த வகுப்பை நிறுத்திவிடப் போகிறேன் என்றாய். ஐந்து பேரில் இரண்டு பேர் விட்டுப் போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் ஒப்பிக்கத்தான் செய்கிறார்கள் என்றாய். 'போன்ல மூஞ்சி தெரிஞ்சா போதுமாம்மா, பாஷ ஏற மாட்டேங்குதே, நானும் டூட்டியும் பாத்துக்கிட்டு இதையும் இழுத்துக்கிட்டுக் கெடக்கேன்' என்று நீ சொன்னபோது உன் குரல் ரொம்ப இறங்கிப் போயிருந்தது. பாஷை ஏறுகிறது என்று சொல்ல அன்றைக்கு என் கையில் ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வகுப்பில் மிச்சமிருக்கிற மூன்று பேரில் ஒருத்தி, கோயிலை ஒட்டிய வீட்டுப் பால்ச்சாமி மகள் தங்கச்செல்வியைத்தான் சொல்கிறேன். நீ அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறாயே, தினமும் அன்றன்றைக்குத் தெருவில் நடந்த ஏதாவது ஒன்றைத் தாளைப் பார்க்காமல் ஜெர்மனில் பேசி உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று, அதை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. சாயங்காலமானால் மொட்டைமாடியில் போனை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடப்பாள். உள்ளே டவர் கிடைக்காது. முதலில் தெருக்காரர்கள் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பேசினார்கள். ஒருநாள் நான் கீழே இருந்தபடி என்ன தாயி சொன்னாய் என்று கேட்டேன், எங்க வெள்ளாடு அடுத்த வீட்டு வத்தலைத் தின்னுபுட்டதைச் சொன்னேன் பெரியப்பா என்றாள். நம்மூர் வெள்ளாட்டின் அட்டூழியம் ஜெர்மனி வரைக்கும் போய்விட்டது பார் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். காலையில் அந்த நாட்டு வானிலைச் செய்தி வேறு கேட்பாள், நீதான் கேட்கச் சொன்னாயாம். மழையே எட்டிப் பார்க்காத ஊரில் உட்கார்ந்து எந்த ஊரிலோ பனி கொட்டுவதைக் கவலையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை.

தங்கச்செல்வி ஜெர்மன் பரீட்சையில் பாஸாகிவிட்டாலும் அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் பேசிப் பார்த்துத்தான் வேலை தருவார்கள் என்பது உனக்குத் தெரியும். முதல் தடவை டவர் போய்ப் பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. இன்னொரு தேதி தருகிறோம், அதுவும் தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று எழுதிவிட்டார்கள். அந்த இன்னொரு தேதி எது தெரியுமா? நம்மூர் மாரியம்மன் பொங்கல் அன்று, மத்தியானம் மூன்று மணி. உன்னிடம் சொன்னால் நீ அங்கே தூங்க மாட்டாய் என்று அவள் மறைத்துவிட்டாள். அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றால் பொங்கல் அன்று நம் ஊரில் யாரும் எல்லை தாண்டுவதில்லை, அதிலும் அவள் முளைப்பாரி போட்டுக் காப்புக் கட்டியிருந்தாள். மொட்டைமாடியை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த மாடிக்கு நேர் எதிரே கோயில் வேப்பமரம், அந்த மரத்தில் அவள் காதைப் பார்த்துக் கட்டியிருப்பது என் குழாய்.

பால்ச்சாமி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் கமிட்டித் தலைவர் நல்லகண்ணுவிடம் போய் அரைமணி நேரம் செட்டை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'ஏலே சோலைச்சாமி, கரண்டு போனாக்கூட ஜெனரேட்டரப் போட்டு ஓட்டுறவன், நீயா செட்ட நிப்பாட்டச் சொல்ற' என்று கேட்டான். பிள்ளையின் பிழைப்பு என்றதும் ஒத்துக்கொண்டான். 'ஆனா நிப்பாட்டுறதுக்கு முன்னாடி மைக்குல காரணத்தச் சொல்லிரு, ஊரு பதறிப் போயிரும்' என்று இரண்டு தடவை சொன்னான். அவன் சொன்னது நியாயம். நம் பக்கம் விசேஷத்தில் ஓடுகிற செட்டு பாதிப் பாட்டில் நின்றால் ஒரே அர்த்தம்தான், ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மூன்று மணி என்றால் பத்து நிமிஷம் முன்னால் அறிவித்துக்கொள்ளலாம் என்று நான் தைரியமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய், நேரத்துக்கு முன்னாலேயே வருவார்கள் என்று சொல்லவில்லையே! மாடியிலிருந்து தங்கச்செல்வி துப்பட்டாவைப் போட்டு ஆட்டுகிறாள், வந்துவிட்டார்கள் என்று கை காட்டுகிறாள். டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஆம்ப்ளிபயரை அமர்த்திவிட்டேன். அம்மன் பாட்டு பாதி வரியில் நின்றது. மைக்கில் சொல்ல வேண்டும் என்ற நினைவே அப்புறம்தான் வந்தது, அப்போது மைக்கைப் போட்டால் அவள் பேச்சுக்கு மேலே என் சத்தம் போய் விழும்.

பொங்கப் பானைப் பக்கம் குலவை நின்றது. கண்மாய்க்கரையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். 'யாருப்பா, யாரு போயிட்டாக' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு ஓடி வருகிறார்கள். நான் இரண்டு கையையும் ஆட்டி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறேன், சத்தம் போடக்கூடாதே என்று வாயைத் திறக்காமல் ஆட்டியதால் அது இன்னும் மோசமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பால்ச்சாமி, இருமல் வந்துவிடக்கூடாது என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? பாலவனத்தத்திலிருந்து சாமி கும்பிட வந்திருந்த அவன் தங்கச்சி கஸ்தூரி, அண்ணன் இருக்கிற கோலத்தைப் பார்த்ததும், 'ஐயோ தங்கம், என்னப் பெத்த ஆத்தா, போயிட்டியா' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு படியேறிவிட்டாள். அவள் பின்னால் பாதி ஊர் ஏறியது. அந்தக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்த நானும் ஓடினேன், எல்லாம் போச்சு, இந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று அடித்துக்கொண்டது மனசு.

மாடியில் நான் கட்டிக் கொடுத்த சாமியானாத் துணிக்குக் கீழே தங்கச்செல்வி முழுசாக உட்கார்ந்திருக்கிறாள். கஸ்தூரி பாதி ஒப்பாரியில் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். போனில் தெரிந்த ஜெர்மன் ஆஸ்பத்திரி அம்மாள் ஏதோ கேட்டார்கள். தங்கச்செல்வி ஒரு நொடி எங்களைப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பினாள், பேச ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாது தாயி. ஆனால் ஆயுசெல்லாம் மைக்குக்கு முன்னால் நின்றவர்களைக் கேட்ட காது இது. ஒப்பிக்கிற பேச்சு ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி ஒரே மட்டத்தில் ஓடும். இது அப்படி ஓடவில்லை. ஓரிடத்தில் நின்றது, வார்த்தையைத் தேடியது, கண்டுபிடித்தது, நடுவில் சிரித்தது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், சுமதி. வேறு நாட்டுப் பாஷையில் நம்மூர்ப் பிள்ளை சொந்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் எங்களுக்கு விளக்கிச் சொன்னாள். முதலில் தன்னைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்டதற்கு ஒப்பித்தாளாம், அந்த அம்மாள் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். ஒப்பாரியைக் கேட்டதும்தான் யாருக்காவது ஆபத்தா என்று பதறிக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாட்டு நின்றால் சாவு என்று அர்த்தம், எனக்காகப் பாட்டை நிறுத்தினார்கள், அதனால் நானே செத்துவிட்டேன் என்று என் அத்தை அழ வந்திருக்கிறார் என்று இவள் சொல்ல, அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்களாம். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் சொந்தக்காரர் இப்படி அழுது வந்தால் என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி. இவள் எழுந்துபோய்க் கஸ்தூரியின் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, முதலில் இதைச் செய்வேன், பிறகு மறைக்காமல் உண்மையைச் சொல்வேன் என்றிருக்கிறாள். இப்படிப் பேச யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு உன் பெயரைச் சொன்னாள். உன் பெயர் மட்டும் எனக்கும் புரிந்தது. உடனே போனை என் பக்கம் திருப்பிவிட்டாள், சட்டைப்பையில் டெஸ்டரும் தலையில் வேப்பிலையுமாக நான் கும்பிட்டேன், அந்த அம்மாள் கையசைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது, அவளை எடுத்துக்கொண்டார்கள். இதை நானே உனக்கு எழுதுகிறேன் என்று அவளையும் உன் அம்மாவையும் போனில் சொல்லவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். திருவிழா முடிந்து நான் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தேன், கடைசிக் குழாய் ஒன்றுதான் மரத்தில் இருந்தது. பால்ச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்து, 'அண்ணே, நீங்களே மைக்குல சொல்லுங்கண்ணே' என்றான். எத்தனை கல்யாணம், எத்தனை கட்சிக் கூட்டம், காணாமல் போன பிள்ளை, கிடா வெட்டு என்று ஆயிரம் அறிவிப்புச் செய்தவன் நான். ஊர்ப் பொதுமக்களுக்கு ஒரு நல்ல செய்தி என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன், பால்ச்சாமி மகளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன், அவளுக்குப் பாஷை சொல்லிக் கொடுத்த டீச்சர் என்றேன், அதற்குமேல் உன் பெயர் வரவில்லை. மைக்கை அமர்த்தவும் தோன்றாமல் நான் விசும்பியது ஊருக்கெல்லாம் கேட்டு, ஜனங்கள் மறுபடியும் சாவு என்று ஓடி வந்துவிட்டார்கள். நல்லகண்ணு மைக்கைப் பிடுங்கி, 'யாரும் பதறாதீக, ஒண்ணும் ஆகல, மகள நெனச்சு அழுகுறான்' என்று சொன்னான்.

விட்டுப்போன இரண்டு பிள்ளைகளும் நேற்று வந்து, அக்கா எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடு, சனிக்கிழமை மட்டும் நடத்து. வகுப்பை நிறுத்தாதே தாயி. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்று டூட்டிக்கு ஓடாதே. மாரியம்மன் உன்னையும் மாப்பிள்ளையையும் எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், உன் கையால் இன்னும் பல பிள்ளைகள் கரையேறட்டும். தங்கச்செல்வி அங்கே வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டுக்கு நீயே போய் அழைத்துவர வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மைக்கில் உன் பெயரைச் சொல்லி முடிக்க முடியாத உன் அப்பா,
சோலைச்சாமி