காலி வீட்டு ஈரத்துணி

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். உன் கைக் கொப்புளம் ஆறியதா? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்று மழுப்பிவிடுவாய், பக்கத்தில் நின்று அம்மா வேறு அழுவாள். அதனால்தான் கடிதம். ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் கையுறை கேட்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வாயைத் திறந்து கேள்.

எங்கள் சட்டக் கல்லூரியில் மாதாமாதம் மாதிரி நீதிமன்றம் நடக்கும். நாங்களே நீதிபதி, நாங்களே வக்கீல், நாங்களே சாட்சி. இந்த முறையும் எனக்குச் சாட்சி வேடம்தான். போன முறை வீட்டு வேலைக்காரி, இப்போது புருஷனிடம் அடி வாங்கியவள். "நீதான் இயல்பா பண்றே" என்கிறார்கள். வக்கீலாக நிற்க என் பேச்சு சரிப்படாதாம். நீங்கள் வாங்கித் தந்த கறுப்புக் கோட்டு பெட்டியிலேயே தூங்குகிறது. நான் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், நீயும் சிரித்துக்கொண்டே படி.

'சட்டமும் சமூக நீதியும்' என்ற பாடம் எடுக்கிற சார் மட்டும் வேறு மாதிரி. கேள்வி கேட்குமுன் கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைப்பார். அதனால் அவர் கண்ணாடி சார். இந்த மாதம் மூன்றாவது வாரம் நம் தெருவைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருக்கிறார். இந்தக் கல்லூரியில் முதல் தடவையாக நான் நானாகப் பேசப்போகிறேன் அக்கா.

உன் வாயாடி

ஜூலை 15

என் வாயாடிக்கு,

பழைய கொப்புளம் ஆறிவிட்டது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கையுறை கேட்டேன், மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார், அவ்வளவுதான்.

தெருவைக் காலி செய்யச் சொல்லி நகராட்சி போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. "ஆள் குடியிருக்கிற வீடுன்னு கணக்கெடுப்புல இருக்கிற வரைக்கும் பயமில்ல" என்கிறார் நம் இலவச வக்கீல். போன வாரம் திடுதிப்பென்று கணக்கெடுக்க வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள், மழைக்குத்தான் திரும்புவார்கள். பூட்டு தொங்கினால் ஆளில்லை என்று எழுதிவிடுவார்களே. வழக்கம்போல உன் பழைய பாவாடையையும் இரண்டு சட்டையையும் நனைத்து அவர்கள் வீட்டுக் கொடியில் போட்டேன். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

கோட்டைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள். "எங்க சின்னவ வந்து வாதாடட்டும், அப்புறம் எவன் இடிக்கிறான்னு பாக்குறேன்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் கையெழுத்தே சொல்கிறது.

ஆசையுடன்
அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

பேசிவிட்டேன்! நம் தெரு, குழாயடி, அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதிய ஈரத்துணிக் கதையைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது, அப்புறம் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பேச்சைக் கேலி செய்கிற முதல் பெஞ்சுக்காரிகூடக் கைதட்டினாள்.

கண்ணாடி சார் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். "எந்தெந்த வீட்டுல இப்படிச் செய்வீங்கம்மா?" என்று கேட்டார். "எது பூட்டியிருக்கோ அதுல சார்" என்றேன். சூளைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள், அது அவர்கள் வீடுதான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பரவாயில்லை, அவருக்குப் புரிந்திருக்கும். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் வாயாடி

ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

நேற்று வழக்கு வந்தது. என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நகராட்சிக்குப் புதிதாக ஒரு வக்கீல் வந்திருந்தார். எழுந்தவர் கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைத்தார். உன் வாத்தியாரா, நமக்கு நல்லதுதான் செய்வார் என்று ஒரு நொடி நினைத்தேன் பார், என்னை என்ன சொல்வது.

"ஏம்மா, பூட்டின வீட்டுக் கொடியில ஈரத்துணி போடுறது யாரு?" என்று கேட்டார். அதட்டவில்லை, தன்மையாகத்தான் கேட்டார். பொய் சொல்ல மாட்டேன் என்று அப்போதுதான் சத்தியம் செய்திருந்தேன். "நான்தாங்க" என்றேன். அவர்கள் மழைக்கு வந்துடுவாங்க என்று சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

கணக்கெடுப்பே மோசடி என்று ஆகிவிட்டது. குடியிருக்கிறவர்கள் வீடும் சேர்ந்து போகிறது. பத்து நாளில் காலி செய்ய வேண்டும். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். தெருவில் யாருக்கும் தெரியாது. நீ இப்போது வராதே, உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

அக்கா

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சலவைக்கூடத்து விலாசத்துக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. போனும் போகவில்லை. நீ வராதே என்று எழுதியும் கேளாமல் தெருவுக்குப் போய்வந்தேன். கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். சலவைக்கூடத்தில் கேட்டால், நீ வேலையை விட்டுப் போய்விட்டாயாம். இதையும் அந்த விலாசத்துக்கே போடுகிறேன், யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள்.

கண்ணாடி சாரிடம் சண்டை போட்டேன். "சொந்த விஷயமா எடுத்துக்காதம்மா. வகுப்புல நான் வாத்தியார், கோர்ட்ல நான் கட்சிக்காரருக்கு வக்கீல். நாளைக்கு நீயும் இதைத்தான் செய்வே" என்றார். அவர் குரலில் துளி வெறுப்பு இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் பாடத்தில் எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

இந்த மாத மாதிரி நீதிமன்றத்துக்கு அவர் கொடுத்திருக்கிற வழக்கு, ஒரு தெருவைக் காலி செய்வது. தெருக்காரர்களுக்கு வக்கீலாக என்னைப் போட்டிருக்கிறார். கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதில் இன்னும் நம் வீட்டு வாசனை இருக்கிறது அக்கா.

முதல் பெஞ்சுக்காரிக்குச் சாட்சி வேடம். துணி காயப்போடுகிற அக்காவாம். நேற்று நோட்டும் பேனாவுமாக என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்க அக்கா எப்படிப் பேசுவாங்கன்னு கொஞ்சம் சொல்லிக்கொடேன்" என்றாள்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுது.

தங்கை